தார் பெயிண்ட் திரிந்துபோனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருப்பு பெயிண்ட் டப்பாக்கள் திறக்கும். சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கும் உண்டு, மேற்குக் கரைக் கணக்கும் உண்டு. பெயிண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், சின்னமுட்டத்துக்காரர் சித்திரை வெயிலில் கலக்குகிறார், குளச்சல்காரர் ஆனி, ஆடிச் சாரலில் கலக்குகிறார். அதே டப்பா, அதே தின்னர். அங்கே வழவழவென்று வருவது இங்கே குருணை குருணையாகத் திரியும். உடனே "கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்" என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் சரக்கில் குற்றம் இருக்காது. எதை ஊற்றினோம், எப்படி ஊற்றினோம் என்பதில்தான் இருக்கும்.

நங்கூரம், சங்கிலி, வின்ச்சின் அடிப்பாகம், படகின் உள் அடித்தளம், வீட்டில் என்றால் மண்ணில் புதைகிற இரும்புக் குழாய், கேட் தூணின் அடி, இவற்றுக்கெல்லாம் அடிக்கிற தார் அடிப்படையிலான கருப்பு பெயிண்டைப் பற்றித்தான் பேசுகிறேன். குடிநீர்த் தொட்டியின் உள்பக்கத்துக்கு இது வேண்டாம்.

முதலில் தாருக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. தார் ஒரே பொருள் அல்ல. லேசான எண்ணெய்ப் பகுதிகள், நடுத்தரமான ரெசின்கள், மிகக் கனமான அஸ்பால்டீன்கள் எல்லாம் சேர்ந்த கலவை. கருப்பு நிறமும் கடினமும் பெரும்பாலும் அஸ்பால்டீனால் வருபவை. அந்தப் பெயர் 1837-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ வைத்தது. ஆய்வகத்தில் இன்றைக்கும் அதற்கு அடையாளம் ஒன்றுதான்: ஹெப்டேன் என்ற கரைப்பானில் கரையாமல் விழும், டொலுவீன் என்ற கரைப்பானில் கரையும். அஸ்பால்டீன் தானாக எண்ணெயில் மிதந்துகொண்டிருப்பதில்லை. ரெசினும் டொலுவீன் வகை எண்ணெய்களும் சுற்றி நின்று அதைத் தாங்குகின்றன. ஹெப்டேன் மாதிரி எண்ணெய் நிறையச் சேர்ந்தால் அந்தத் தாங்கல் போய்விடும். அஸ்பால்டீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குருணையாகி அடியில் விழும். திரிதல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

எதற்கும் முன்னால்: கட்டியை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள்

டப்பாவில் கட்டி இருக்கிறது என்றால் அது மூன்றில் ஒன்று. பிரித்துப் பார்க்காமல் எதையாவது ஊற்றினால் உள்ளதும் கெடும்.

கையுறை போட்டுக்கொண்டு பட்டாணி அளவு கட்டியை எடுங்கள். அமுக்கி, இரண்டு விரலையும் மெல்லப் பிரியுங்கள். நூல் இழுத்தால் அது கரையாத தார். திரியவில்லை, இன்னும் கலக்கவில்லை, அவ்வளவுதான். நூல் இழுக்காமல் காய்ந்த கரிப்பொடி மாதிரி நொறுங்கி, கையுறையில் மங்கலான கருப்பாகப் பூசினால் அது விழுந்துபோன அஸ்பால்டீன். இரண்டும் இல்லாமல் நறநறவென்றால் மணல், துரு, அல்லது டப்பா விளிம்பில் காய்ந்து விழுந்த ஏடு.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு கண்ணாடித் துண்டில் கட்டியை வைத்து மேலே இரண்டு சொட்டு சைலீன் (டொலுவீன் இனத்துக் கரைப்பான்) விடுங்கள். தாரும் அஸ்பால்டீனும் பழுப்பாகக் கரைந்து ஓடும். மணல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பழைய ஏடும் அப்படித்தான் கிடக்கும், ஓரம் மட்டும் கொஞ்சம் நிறம் விடும்.

தின்னர் ஊற்றியவுடனேயே குருணை விழுகிறது

முதலில் பார்க்க வேண்டியது பெயிண்ட் டப்பா அல்ல, தின்னர் டப்பா. ஹார்டுவேர் கடையில் "ஒரு லிட்டர் தின்னர்" என்று கேட்டால் அநேகமாகக் கையில் வருவது என்.சி. தின்னர். மரச்சாமான் பாலிஷுக்கும் டக்கோ வேலைக்கும் உள்ளது. அதில் டொலுவீன் இருக்கும், ஆனால் கூடவே அசிட்டேட்டும் ஆல்கஹாலும் கீட்டோனும் இருக்கும். இந்தப் பின்னால் சொன்ன மூன்றுக்கும் தாருக்கும் ஒத்துவராது. மணம் காரமாக இருக்கிறதே, நல்லா கரைக்கும் என்று நம்பி ஊற்றுவார்கள். ஊற்றிய இடத்திலேயே திரியும்.

அடுத்த சந்தேகம் பெட்ரோல். "முன்னெல்லாம் பெட்ரோல்தானே ஊத்துவோம், ஒன்னும் ஆகலையே" என்று கடற்கரையில் வயதானவர்கள் சொல்வது உண்மைதான். அன்றைய பெட்ரோல் வேறு. இன்று பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் தாரைக் கரைக்காது. அதோடு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். ஆடி மாதத்துக் குளச்சல் காற்றில் திறந்த கேனில் இருந்த பெட்ரோல் என்றால் கேட்கவே வேண்டாம். தீ ஆபத்தை இன்னும் சொல்லவே இல்லை. பெட்ரோலை இந்த வேலையிலிருந்து அடியோடு விலக்கிவிடுங்கள்.

மண்ணெண்ணெய் கொஞ்சம் வேறு கதை. அவுட்போர்டு எஞ்சினுக்காக வீட்டில் இருக்கும், அதனால் கை அதற்குத்தான் போகும். அது ஊற்றினாலே கெடும் என்று சொல்ல முடியாது. சாலை வேலைக்கு வருகிற கட்பேக் தாரில் ஒரு வகை மண்ணெண்ணெயில் கரைத்ததுதான். ஆனால் மண்ணெண்ணெயின் பெரும்பகுதி ஹெப்டேன் இனத்தைச் சேர்ந்தது. ஓர் அளவு வரைக்கும் தார் தாங்கும், தாண்டினால் விழும். அந்த அளவு தாருக்குத் தார் மாறும். சாலைக்கு வரும் வி.ஜி. 30 தார் நிறையவே தாங்கும். சூடான தாருக்குள் காற்றை ஊதிக் கெட்டியாக்கிய ஊதிய தார் அவ்வளவு தாங்காது, ஏனென்றால் அதில் அஸ்பால்டீன் பங்கு கூடுதல். கடையில் 85/25 என்று விற்பது அந்த வகை. கருப்பு பெயிண்டுகள் பலவற்றிலும் ஊதிய தார்தான் உள்ளே இருக்கும். ரோட்டு டிரம் தாரில் கற்ற கைப்பக்குவத்தை பெயிண்ட் டப்பாவில் காட்டினால் ஏமாற்றுவது இதனால்தான்.

எதை ஊற்றலாம் என்றால், டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது. எழுத்து அழிந்துபோயிருந்தால் சைலீன். மினரல் டர்பன்டைனைச் சிறிதளவு சேர்க்கலாம், அதுவும் கீழே சொல்லும் சொட்டுச் சோதனை செய்தபிறகு.

சரியான தின்னர்தான், இருந்தும் கட்டி வருகிறது

அப்படியானால் ஊற்றிய விதத்தில் கோளாறு. மொத்தக் கணக்கில் தின்னர் அளவாகவே இருக்கலாம். ஆனால் ஊற்றும் அந்த நொடியில், விழுகிற இடத்தில் மட்டும் தின்னர் பத்துப் பங்கு, தார் ஒரு பங்கு. அந்த இடத்தில் அளவு மீறிவிட்டது. தின்னரில் ஹெப்டேன் இனம் இருந்தால் அங்கே அஸ்பால்டீன் விழும். பிறகு கலக்கினால் மொத்தக் கலவை மறுபடி அதைக் கரைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் விழுவது நொடியில் நடக்கும், திரும்பக் கரைவது மணிக்கணக்கில் நடக்கும். அதற்குள் நீங்கள் பிரஷ்ஷை எடுத்திருப்பீர்கள்.

இதைவிட மோசம் தலைகீழாகச் செய்வது. வாளி நிறையத் தின்னரை வைத்துக்கொண்டு அதில் கெட்டித் தாரைக் கோரிப் போடுவது. கூழ் காய்ச்சும்போது மாவை அப்படியே கொதிநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உறை மூடி, உள்ளே காய்ந்த மாவு அப்படியே நிற்கும் இல்லையா, அதே சங்கதி. தார்க்கட்டியின் மேற்பரப்பிலிருந்து எண்ணெயும் ரெசினும் முதலில் தின்னருக்குள் போய்விடும். அஸ்பால்டீன் மட்டும் தோல் மாதிரி மிஞ்சி நிற்கும். அந்தத் தோலைத் தாண்டித் தின்னர் உள்ளே போக நாள் ஆகும்.

சரியான முறை இது: தார் பக்கம் தின்னர் வர வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு லிட்டர் பெயிண்டுக்கு முதலில் ஒரு சிறிய டம்ளர் தின்னர், அவ்வளவுதான். நூல் நூலாகக் கோடுகள் தெரிவது மறைந்து ஒரே நிறமாகும்வரை கலக்கிவிட்டு அடுத்த டம்ளர். முதல் இரண்டு மூன்று முறை எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாகப் போகும். கெட்டியாக இருக்கும்போதுதான் ஊற்றியது பரவ நேரமாகும், ஆகவே அங்கேதான் பொறுமை வேண்டும். இளகிய பிறகு வேகமாகப் போகலாம்.

கலக்க நன்றாகக் காய்ந்த தென்னை மட்டையைச் சீவிய துடுப்பே போதும். அகலமான முனை அடியை வழித்து மேலே கொண்டுவரும். பச்சை மட்டை வேண்டாம், ஈரம் விடும்.

துளைபோடும் மெஷினில் கலக்குக் கம்பி மாட்டிச் சுற்றுவதைப் பற்றி என் அபிப்பிராயம் அவ்வளவு நல்லதல்ல. வேகமாகச் சுற்றினால் ஊற்றிய தின்னர் சீக்கிரம் பரவும், அது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே திரிந்த கலவையை அப்படிச் சுற்றினால் பெரிய குருணைகள் உடைந்து கண்ணுக்குத் தெரியாத பொடியாகிவிடும். சரியாகிவிட்டது போலத் தோன்றும், ஆகியிருக்காது. நின்றதும் பொடி மறுபடி சேர்ந்து வளரும். இதோடு, கார்பன் பிரஷ் வைத்த மெஷின் சுற்றும்போது உள்ளே பொறி தெறிக்கும். சைலீன் ஆவி நிற்கும் வாளிக்கு மேலே அதைப் பிடிப்பது அறிவான காரியமல்ல.

மழைநாளில் மட்டும் திரிகிறது

குளச்சல் பக்கத்துப் புகார் இது. குளிர்ந்த தார் கெட்டியாகிறது, தின்னர் பரவ நேரம் எடுக்கிறது, மேலே சொன்ன "ஊற்றிய இடத்தில் அளவு மீறுதல்" அதிக நேரம் நீடிக்கிறது. தின்னரின் தாங்கும் சக்தியும் குளிரில் கொஞ்சம் குறையும். வழி எளிது. டப்பாவையும் தின்னரையும் முந்தின நாளே கொட்டகைக்குள் கொண்டுவந்து ஒரே சூட்டுக்கு வரவிடுங்கள். கலக்குவதற்கு முன் பெயிண்ட் டப்பாவை, மூடியைச் சற்றுத் தளர்த்தி, கைபொறுக்கும் சுடுநீர் வாளியில் அரைமணி நேரம் நிற்கவையுங்கள். சுடுநீர் வேறிடத்தில் காய்ச்சிக் கொண்டுவந்ததாக இருக்கட்டும். அடுப்பு, ஸ்டவ், விறகுத் தீ எதுவும் டப்பாவின் பக்கத்தில் வரக்கூடாது.

டப்பா மூடிமேல் தேங்கிய மழைநீரைத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும் என்பது சின்ன விஷயம்தான், பலர் செய்வதில்லை.

டிரம் தாரை உருக்கி, சூடாக இருக்கும்போதே மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிச் சொந்தமாகப் பெயிண்ட் தயாரிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. செய்யாதீர்கள். உருகிய தார் 150 டிகிரி சூட்டில் நிற்கும். மண்ணெண்ணெய் ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் சூடு அதைவிட மிகக் கீழே. அதில் ஒரு கரண்டி தண்ணீர் போய்விட்டாலும் போதும், நீராவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும், தார் பொங்கி வெளியே வரும். கட்பேக் தாரை மூடிய தொட்டியில், சூட்டை அளந்து, ஆலையில் தயாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மாலையில் நன்றாக இருந்தது, காலையில் அடியில் சேறு

மனிதரைக் குழப்புவது இந்த அறிகுறிதான். கலக்கிய அன்று எந்தக் குறையும் தெரியாது. அஸ்பால்டீன் விழுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அளவு நன்றாக மீறியிருந்தால் நொடியில் விழும். எல்லையை லேசாகத் தாண்டியிருந்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தொடங்கி, மணிக்கணக்காகவும் நாள்கணக்காகவும் ஒட்டி வளரும். கச்சா எண்ணெயில் செய்த ஆய்வுகளில் மாதக்கணக்கு வரைகூட எடுத்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே "கலக்கும்போது ஒன்றும் ஆகவில்லை" என்பது சாட்சியல்ல.

இங்கேதான் சொட்டுச் சோதனை உதவும். தாருக்கு இப்படியொரு சோதனையை ஒலியன்சிஸ் என்பவர் 1930-களிலேயே கொண்டுவந்தார். கப்பல் எண்ணெய்களைக் கலப்பவர்கள் இன்றைக்கும் இதே வகைச் சோதனை செய்கிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் வடிதாள் போதும். கலந்த பெயிண்டில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் அதே தின்னரை நான்கைந்து கரண்டி மெல்லச் சேர்த்துக் கலக்குங்கள். குச்சியால் ஒரு சொட்டை எடுத்துத் தாளின் நடுவில் விடுங்கள். தாளைப் படுக்கையாக, அடியில் எதுவும் தொடாதபடி ஒரு டம்ளர் வாயின்மேல் வையுங்கள். காயட்டும்.

சொட்டு பரவி ஓரம்வரை ஒரே பழுப்பாக நின்றால் கலவை நலம். நடுவில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம், அதற்குக் கூர்மையான விளிம்பு, வெளியே வெளிர்ப் பழுப்பு வளையம் என்று இரண்டாகப் பிரிந்தால் அஸ்பால்டீன் விழுந்திருக்கிறது. கரைந்தது தாளோடு ஓடுகிறது, விழுந்தது நடுவிலேயே சிக்கிக்கொள்கிறது. பக்கத்திலேயே இன்னொரு சொட்டு, இது சைலீனில் கலந்தது, விட்டுப் பாருங்கள். சைலீன் சொட்டு ஒரே நிறம், உங்கள் தின்னர் சொட்டில் கரும்புள்ளி என்றால் குற்றவாளி தின்னர். இரண்டிலும் கரும்புள்ளி என்றால் பெயிண்டில் கலந்த நிரப்புப் பொடியாகவோ அழுக்காகவோ இருக்கலாம், தின்னரை மாற்றிப் பயனில்லை.

அதே குப்பியை மூடி வைத்து மறுநாள் இன்னொரு சொட்டு விடுங்கள். இரண்டு நாளும் ஒரே நிறம் என்றால் நம்பி அடிக்கலாம்.

டப்பாவில் அழகு, அடித்தபின் மங்கல். கைவைத்தால் கரி ஒட்டுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் காசு மிச்சம் பிடிக்கப் போய் வேலை கெடுகிறது. சைலீன் விலை கூடுதல் என்று கொஞ்சம் டொலுவீனோ சைலீனோ விட்டு, மீதியை மண்ணெண்ணெயால் நிரப்புவார்கள். டப்பாவில் நன்றாகவே கரைந்து நிற்கும், சொட்டுச் சோதனையிலும் குறை தெரியாது. பூசியபின் என்ன நடக்கிறது? டொலுவீன் கொதிநிலை 110 டிகிரி, சைலீன் 140 பக்கம், மண்ணெண்ணெய் 150-இல் தொடங்கி 300 பக்கம் வரை. முதலில் பறந்துபோவது அஸ்பால்டீனைத் தாங்கிக்கொண்டிருந்த நல்ல தின்னர். மிச்சமிருப்பது தாங்காத மண்ணெண்ணெய். அது அளவுக்கு மேல் இருந்தால், படலம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே அஸ்பால்டீன் அதற்குள்ளேயே விழுந்துவிடும். கடைசியில் மண்ணெண்ணெயும் போனபிறகு நிற்பது ஒட்டுப் பிடிக்காத கரிப்பொடியும் அதற்கிடையில் இளகிய எண்ணெயும். பளபளப்பு இருக்காது, விரல் வைத்தால் கருப்பு வரும், உப்புக்காற்று பட்டுச் சீக்கிரம் துரு எட்டிப் பார்க்கும்.

ஆக விதி: கடைசியாக ஆவியாகிற தின்னர் நல்ல கரைப்பானாக இருக்க வேண்டும். இரண்டு தின்னர் கலந்தாக வேண்டும் என்றால் மட்டமானது முன்னால் பறக்கட்டும், நல்லது பின்னால் பறக்கட்டும். டர்பன்டைனும் சைலீனும் சேர்க்கும்போதுகூட டர்பன்டைன்தான் பிந்திப் போகும், அதனால் அதன் பங்கைச் சிறிதாகவே வையுங்கள். சொட்டுச் சோதனை இதைப் பிடிக்காது. பழைய தகரத் துண்டில் பூசிக் காயவைத்து விரலால் தேய்த்துப் பார்ப்பதுதான் சோதனை. அடித்தாகிவிட்டது என்றால், மேலேயே இன்னொரு கோட் அடித்து மூட முயலாதீர்கள், பொடிமேல் எதுவும் நிற்காது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும்.

திரிந்த பெயிண்டை மீட்க முடியுமா?

முடியும், புதிதாகத் திரிந்திருந்தால். மேலே தெளிந்து நிற்பதைக் கொட்டிவிடாதீர்கள், ரெசின் முழுவதும் அதில்தான் இருக்கிறது. மூடி தளர்த்திச் சுடுநீர் வாளியில் வைத்து, சைலீனைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அடியை வழித்து வழித்துக் கலக்குங்கள். ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி கலக்குங்கள். சொட்டில் கரும்புள்ளி மெல்ல மறைந்து வந்தால் மீண்டுவிட்டது. குறையவே இல்லையென்றால் விட்டுவிடலாம். என்.சி. தின்னர் விட்டுத் திரிந்ததை மீட்கச் செலவழிக்கும் சைலீன் விலையில் புது டப்பாவே வந்துவிடும்.

கொசுவலையில் வடிகட்டி அடிப்பதைச் சிலர் வழி என்று சொல்வார்கள். நாசிலில் அடைக்காமல் இருக்கும், சரி. ஆனால் வலையில் தங்கியதுதான் பெயிண்டுக்குக் கடினத்தைத் தருகிற பகுதி. வடிந்தது வெயிலில் இளகி வழியும். வேலி முள்கம்பித் தூணுக்கு அடிக்கலாம், நங்கூரச் சங்கிலிக்கு வேண்டாம்.

பழைய மிச்சத்தோடு புது டப்பாவைச் சேர்த்ததும் உறைந்துவிட்டது

மூன்று பொருளையும் நாம் "தார்" என்றே சொல்வதால் வருவது. தண்ணீரில் கலந்து வரும் பிட்டுமன் எமல்ஷன் பழுப்பு நிறம், தரைக்கசிவுக்கு அடிப்பது. அதில் சைலீனோ மண்ணெண்ணெயோ விட்டால் அந்த இடத்திலேயே உடைந்து கட்டியாகும். எமல்ஷனிலேயே நேர்மின் வகை, எதிர்மின் வகை என்று உண்டு, இரண்டையும் கலந்தாலும் உடையும். இரும்புப் படகுகளுக்கு வரும் கோல்தார் எபாக்சியில் உள்ள தார் நிலக்கரியிலிருந்து வந்தது. பெட்ரோலியத் தாரோடு அதைச் சேர்த்தால் இரண்டுமே கெடும். உறைந்ததை மீட்க வழியில்லை. அடுத்தமுறை சேர்க்கும் முன் ஒரு மூடியளவு இரண்டையும் கலந்து ஒருநாள் வைத்துப் பாருங்கள்.

கருப்பின்மேல் அடித்த வெள்ளை பழுப்பாகிறது

இது திரிதலுக்கு நேர் எதிர். இங்கே கனமானது விழவில்லை, லேசான எண்ணெய் மேலே ஏறி வருகிறது. எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் ஊறி வந்துகொண்டேதான் இருக்கும். வெள்ளை வேண்டிய இடத்தில் தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

படகின் அடித்தளத்தில் அடிக்கும்போது தலைசுற்றல்

இது பெயிண்டின் அறிகுறி அல்ல, ஆளின் அறிகுறி. உடனே மேலே ஏறுங்கள். சைலீன் ஆவியும் டொலுவீன் ஆவியும் காற்றைவிடக் கனமானவை, அடித்தளத்தில் தேங்கி நிற்கும். மேலே காற்று வீசுவதால் கீழே நல்ல காற்று இருக்கும் என்று அர்த்தமில்லை. எல்லா மூடிகளையும் திறந்துவைத்து, வெளியில் நிற்கும் காற்றூதும் மெஷினிலிருந்து குழாய் போட்டுக் காற்றை உள்ளே அனுப்பி, மேலே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். அன்றைக்கு அந்தப் படகிலும் பக்கத்துப் படகிலும் வெல்டிங் வேலை கிடையாது, பீடியும் கிடையாது. கீழே இருப்பவர் மயங்கினால் மேலே நிற்பவர் தனியாக இறங்கித் தூக்கப் போகக்கூடாது. இறங்குபவர் இடுப்பில் முதலிலேயே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம்.